சிற்றரசொன்றின் தேர்தலும் பெண்மக்கள் வாக்குரிமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஐரோப்பாக் கண்டத்திலுள்ள மிகச் சிறிய தேசமொன்றின் பார்லிமெண்டுத் தேர்தலாகும். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி முதலிய பெருந்தேசங்கள் இருக்க, தேசப்படத்தில் விரல் நுனி வைத்தால் மறைந்துபோகும் ஓர் இராஜ்யத்தைப் பற்றிக் கேட்டு ஆவதென்ன என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்கு நாம் கூறும் விடை இது. பெருந்தேசத்தில் ஒருவன் போடும் வாக்கு கடலிற் கரைத்த உப்புக்கல்லாகும்; அது எங்கே போயிற்று, என்ன செய்தது என்று எவரும் கண்டறிய முடியாது. சிறு தேசத்திலோ, ஒருவன் போட்ட வாக்கின் பலன் அவன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. தேர்தல் என்னும் ஏற்பாட்டின் நன்மையையும் தீமையையும் அருகிலிருந்து பார்க்க விரும்புவோர்க்கு அத்தகைய இடமே ஏற்ற பாடசாலை. ஆகையால், லிக்டன்ஸ்டைன் என்னும் சிற்றரசைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்போம்.

இத்தேசம் ஸ்விட்ஸர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, ரைன் நதியின் கிழக்குக் கரையில், ஆல்ப்ஸ் மலைச் சாரலில் அமைந்திருக்கிறது. பரப்பு 160 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 62 சதுர மைல். ஜனத்தொகை சுமார் 40,000. ஊராட்சிகள் பதினொன்று. தலைநகர் வாதூஸ். மக்கள் பேசும் பாஷை ஜெர்மன். லிக்டன்ஸ்டைன் பிரபு குடும்பத்தார் 1699-ஆம் வருஷத்தில் ஷெல்லன்பர்க் என்னும் பகுதியையும், 1712-ஆம் வருஷத்தில் வாதூஸ் பகுதியையும் விலைக்கு வாங்கினர். 1719-ஆம் வருஷத்தில் அவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, அக்குடும்பத்தின் பெயராலேயே ஒரு சிற்றரசாயிற்று. குடும்பத்தின் பெயரே தேசத்தின் பெயராய் நிலைத்தது விந்தையன்றோ! 1868-ஆம் வருஷத்தில் இருந்த சிறு சேனையையும் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பின் அந்நாட்டுக்குச் சேனை என்பது இல்லை. 1923-ஆம் வருஷத்து உடன்படிக்கையினால் ஸ்விட்ஸர்லாந்தோடு சுங்க வரியில் ஒன்றுபட்டு, அந்நாட்டு நாணயத்தையே தம் நாணயமாகக் கொண்டிருக்கின்றனர்.

இனி ஆட்சி முறையைப் பார்ப்போம். 1921-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின்படி இங்கே அதிகாரம் இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது. ஒன்று அரசர், மற்றொன்று ஜனங்கள். ஜனங்களின் பிரதிநிதி சபைக்கு லாண்டாக் என்று பெயர். நெடுங்காலம் அதில் 15 ஸ்தானங்களே இருந்தன. 1989-ஆம் வருஷத் தேர்தல் முதல் 25 ஆயின. பழைய வாதூஸ் பகுதி மேல்நாடு எனவும், பழைய ஷெல்லன்பர்க் பகுதி கீழ்நாடு எனவும் இன்றும் இரு தொகுதிகளாக நிற்கின்றன. மேல்நாட்டுக்கு 15 பிரதிநிதிகள். கீழ்நாட்டுக்குப் பத்துப் பேர். முந்நூறு வருஷங்களுக்கு முன் விலைக்கு வாங்கிய இரு நிலங்களின் எல்லை இன்றைய வாக்குப் பெட்டியிலும் அழியாமல் இருக்கிறது.

வாக்களிக்கும் முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர்களின் பெயர்களை ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுக்கிறது. வாக்காளர் தமக்குப் பிடித்த கட்சியின் சீட்டை எடுத்துக்கொள்கிறார். மேல்நாட்டாருக்கு 15 வாக்குகள், கீழ்நாட்டாருக்குப் பத்து. சீட்டை அப்படியே போடலாம். அன்றி, வேண்டாதவரின் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு, வேறு கட்சியைச் சேர்ந்த வேண்டியவரின் பெயரை அங்கே எழுதலாம். தம் கட்சிக்கு உண்மையாயிருந்துகொண்டே எதிர்க்கட்சியிலுள்ள ஒரு நல்லவரையும் ஆதரிக்க இம்முறை இடம் தருகிறது. ஒருவரையொருவர் முகமறிந்த ஊரில் இது மிகவும் பொருத்தமான ஏற்பாடே. சபையின் அங்கத்தினர் பெரும்பாலும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டே சபைக் காரியத்தையும் பார்ப்பவர்கள். அவர்கள் வர இயலாத நாளில் இடத்தை நிரப்பத் துணைப் பிரதிநிதிகளும் ஏற்பட்டிருக்கின்றனர். 2008-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட புதிய சபா மண்டபத்தில் அங்கத்தினர் அனைவரும் வட்டமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்கின்றனர்.

சகோதரர்களே! சட்டத்தைக் கூறினோம், இனிச் சமூகத்தைக் கூறுவோம். 1918-ஆம் வருஷத்தில் இத்தேசத்தில் இரு கட்சிகள் தோன்றின. முற்போக்குக் குடிமக்கள் கட்சி ஒன்று, ஜனக்கட்சி மற்றொன்று. பின்னது 1936-ஆம் வருஷத்தில் தேச ஐக்கியக் கட்சி என்று உருமாறியது. முன்னதற்குக் கறுப்பு என்றும் பின்னதற்குச் சிவப்பு என்றும் ஜனங்கள் நிறப்பெயர் வைத்தார்கள். இந்நிறம் ஒருவர் ஆராய்ந்து தெரிந்தெடுப்பதாக இருக்கவில்லை. தகப்பன் கறுப்பாயின் மகனும் கறுப்பு. பாட்டன் சிவப்பாயின் பேரனும் சிவப்பு. கறுப்பர் வீட்டில் ஒரு பத்திரிகை. சிவப்பர் வீட்டில் வேறொரு பத்திரிகை. இரண்டு கட்சிகளின் கொள்கைகளிலோ பெரிய வேற்றுமை இல்லை; இரண்டும் கத்தோலிக்க மதப்பற்றும், அரச குடும்பத்தினிடம் பக்தியும், சொத்துரிமையில் உறுதியும் உடையனவே. பிறப்பால் வந்த கட்சிப் பற்று எத்தனை எளிதில் வேரூன்றும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

அப்பற்றினால் வரும் அபாயத்தையும் அந்நாட்டார் உணர்ந்திருந்தனர். 1938-ஆம் வருஷத்தில் அண்டைநாடாகிய ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது, கறுப்பரும் சிவப்பரும் பகைமையைத் தள்ளிவைத்து ஒரே மந்திரிசபையில் சேர்ந்தனர். உள்நாட்டிலும் நாஜிக் கூட்டம் தலையெடுத்திருந்த வேளை அது. 1939-ஆம் வருஷத்தில் இரு கட்சியாரும் ஸ்தானங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, வாக்களிப்பே இல்லாமல் சபையை அமைத்தார்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர் மௌனத் தேர்தல். 1943-ஆம் வருஷத்தில் சபையின் காலத்தை அரசர் நீட்டித்தார். மறுபடி ஜனங்கள் வாக்குச் சீட்டைக் கையிலெடுத்தது 1945-ஆம் வருஷத்தில்தான். வீட்டுக்கு வெளியே நெருப்புப் பற்றி எரியும்போது உள்ளே பங்காளிச் சண்டை கூடாது என்று அவர்கள் நினைத்தது விவேகமே. அந்த ஐக்கிய மந்திரிசபை யுத்தம் முடிந்த பின்னும் கலையாமல் 1997-ஆம் வருஷம் வரையில் நிலைத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், "ஜனங்கள் ஜனங்கள் என்கிறீர்களே, அந்த ஜனங்கள் யார்?" என்று நம் தாய்மார்களில் ஒருவர் கேட்டால், அதுவே இன்றைய சொற்பொழிவின் மையக் கேள்வியாகும். 1921-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் அதிகாரத்தின் பாதியை ஜனங்களுக்குத் தந்தது என்றோம். ஆனால் அந்த ஜனங்கள் என்ற சொல்லுக்குள் ஸ்திரீகள் அடங்கவில்லை. வாக்களிக்கவும் அபேட்சகராக நிற்கவும் ஆடவர்க்கு மட்டுமே உரிமை இருந்தது. ஐரோப்பாவின் பிற தேசங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்மக்கள் வாக்குரிமை பெற்றபின்னும் இங்கே அந்நிலை மாறவில்லை.

மாற வழி யாது? அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அத்தகைய திருத்தத்தைச் சபை ஜனங்களின் முன் வாக்குக்கு விட்டது. அந்த வாக்கை அளிக்கத்தக்கவர் ஆடவர் மட்டுமே. ஒரு வீட்டின் கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்க, சாவியும் உள்ளிருப்பவர் கையிலேயே இருந்தால் வெளியில் நிற்பவர் என்செய்வார்? கதவைத் தட்டலாம், குரல் கொடுக்கலாம், உள்ளிருப்பவரின் மனம் இரங்கும்வரை காத்திருக்கலாம். லிக்டன்ஸ்டைன் பெண்மக்கள் இம்மூன்றையும் செய்தனர்.

1968-ஆம் வருஷத்தில் முதன்முதலாக ஓர் அபிப்பிராய வாக்கெடுப்பு நடந்தது. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பன்று. ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே தம் எண்ணத்தைத் தெரிவிக்கும் ஏற்பாடு மட்டுமே. ஆடவரிற் பெரும்பாலோர் வேண்டாமென்றனர். பெண்டிரிலோ வேண்டுமென்றவர் சற்றே மிகுந்தனர். ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கே அவ்வுரிமை வேண்டாமென்று கூறினர். இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நெடுங்காலம் திறவாத கதவைப் பார்த்துப் பழகியவர்கள் அதைச் சுவரென்றே எண்ணிவிடுவதுண்டு.

1971-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி, அண்டைநாடாகிய ஸ்விட்ஸர்லாந்தின் ஆடவர் தம் பெண்டிர்க்கு வாக்குரிமை தர இசைந்தனர். அதே மாதக் கடைசியில் லிக்டன்ஸ்டைன் ஆடவர் முன் அதே கேள்வி வைக்கப்பட்டது. வேண்டும் என்றோர் 1,816 பேர். வேண்டாம் என்றோர் 1,897 பேர். வித்தியாசம் 81 வாக்குகள். 1973-ஆம் வருஷத்தில் மறுபடி கேட்டார்கள். வேண்டும் என்றோர் 1,675. வேண்டாம் என்றோர் 2,126. இரண்டு வருஷத்தில் ஆதரவு வளராமல் தேய்ந்தது.

இவ்வாடவர்கள் கொடியவர்களா? அப்படிக் கூறுவது எளிது. ஆயினும் அது நியாயமாகாது. வேண்டாமென்று சீட்டுப் போட்டவன் அன்றிரவு தன் மனைவியோடும் மகளோடும் ஒரே மேஜையில் அமர்ந்து உண்டவன். அவர்களிடம் அன்பில்லாதவனென்று சொல்ல முடியாது. குடும்பத்துக்குள் இரண்டு அபிப்பிராயம் புகுந்தால் குடும்பம் குலையும் என்று சிலர் அஞ்சினர். ஸ்திரீகளுக்கு இல்லறமே போதிய பாரம் என்று சிலர் எண்ணினர். இவை எங்கும் கேட்கும் வார்த்தைகளே. ஆனால் அந்நாட்டுக்கே உரிய வேறொரு பயமும் இருந்தது. அதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். ஏனெனில் குலம், குடும்பம், கொண்டு கொடுத்தல் என்பவற்றை நன்கறிந்த நம்போன்றோர்க்கு அது எளிதில் விளங்கும்.

சிறு தேசமாதலால் லிக்டன்ஸ்டைன் ஆடவர் பலர் எல்லைக்கப்பால் ஸ்விட்ஸர்லாந்து, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் பெண்ணெடுத்தனர். அப்படி மருமகளாய் வந்தவள் மணம் முடிந்தவுடனே லிக்டன்ஸ்டைன் பிரஜையாகிவிடுவாள். ஆனால் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் அயல்நாட்டானை மணந்தால், அவள் தன் பிரஜாவுரிமையை இழந்துவிடுவாள். வந்தவள் நம்மவள், போனவள் அயலாள் என்பது விதி. இந்நிலையில் பெண்டிர்க்கு வாக்களித்தால், நேற்று வந்த மருமகள் இன்று தேசத்தின் விதியைத் தீர்மானிப்பாளே என்று ஆடவர் கலங்கினர். தம் வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவளை, தம் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவளை, வாக்குச் சாவடியின் வாசலில் மட்டும் அந்நியளென்று நிறுத்தினர். அந்த ஒருத்தியைத் தடுக்கும்பொருட்டுத் தம் சொந்தத் தாயையும் சகோதரியையும் மகளையும் சேர்த்தே தடுத்துவிட்டனர். இதில் அடங்கிய முரண்பாட்டை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

எனினும், அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யாகுமா? 1974-ஆம் வருஷத்தில், அயலானை மணந்த பெண் தன் பிரஜாவுரிமையைக் காத்துக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. 1976-ஆம் வருஷத்தில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, ஊராட்சிகள் விரும்பினால் ஊர்க்காரியங்களில் மட்டும் பெண்டிர்க்கு வாக்குரிமை அளிக்கலாம் என்று ஏற்பட்டது. அவ்வருஷமே வாதூஸ் நகரத்தார் முதலில் அதை ஏற்றனர். ஓரூரைப் பார்த்து மற்றோரூர் தொடர்ந்தது. பெண்கள் ஊராட்சித் தேர்தலில் வாக்களித்தார்கள், வானம் இடிந்து விழவில்லை, அடுப்பும் அணையவில்லை. ஆயிரம் வாதங்களால் தீராத பயம் ஒரு முறை கண்ணாற் கண்ட அநுபவத்தால் தேய்ந்தது.

1978-ஆம் வருஷத்தில் லிக்டன்ஸ்டைன் ஐரோப்பியக் கவுன்சிலில் அங்கம் பெற்றது. அதன்பின், "உங்கள் நாட்டில் பாதிப்பேருக்கு வாக்கில்லையே" என்ற கேள்வி வெளியிலிருந்தும் எழுந்தது. 1981-ஆம் வருஷத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் இயக்கம் கண்டனர். நூறு வருஷம் உறங்கிய அரசகுமாரியின் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அவ்வரசகுமாரியின் பெயரையே ஜெர்மன் பாஷையில் தம் இயக்கத்துக்குச் சூட்டினர். கதையில் அரசகுமாரியை எழுப்ப ஒரு ராஜகுமாரன் வந்தான். இங்கே உறங்கியது பெண்களா, ஆடவரின் மனச்சாட்சியா என்பதை அப்பெயர் கேட்பவர் யோசனைக்கு விட்டது. அரசியல் சட்டம் பிரஜைகளைச் சமமாகப் பாவிக்க வேண்டாமா என்று நியாயஸ்தலத்துக்கும் சென்றனர். 1982-ஆம் வருஷத்தில் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. 1983-ஆம் வருஷத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சென்று ஐரோப்பியர் முன்னிலையில் தம் குறையை எடுத்துரைத்தனர். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள் என்று உள்ளூரில் கடிந்தவர் உண்டு. வீட்டுக்குள் கேட்கச் செவியிருந்திருந்தால் தெருவுக்கு ஏன் போகவேண்டும்?

1984-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி மறுபடியும் ஆடவரின் தீர்ப்புக் கேட்கப்பட்டது. வாக்குரிமையுள்ள ஆடவரில் நூற்றுக்கு 86 பேர் வந்து வாக்களித்தனர். வேண்டும் என்றோர் 2,370 பேர். வேண்டாம் என்றோர் 2,251 பேர். வித்தியாசம் 119. வாக்குரிமை கிடைத்தது. அயல்நாட்டு மருமகள் மணமுடித்த கணமே பிரஜையாகும் பழைய விதியும் அவ்வருஷத்திலேயே மாற்றப்பட்டது. பல வருஷம் அங்கே வாசம் செய்த பிறகே அவளுக்கு அவ்வுரிமை என்றாயிற்று. பெரிய கதவொன்றைத் திறப்பதற்காகச் சிறிய கதவொன்றைப் பாதி சாத்தினார்கள் என்றும் கூறவேண்டும். நன்மைகள் பெரும்பாலும் இப்படிக் கலப்பாகவே வருகின்றன.

இப்போது நம் இளைஞர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 1984-ஆம் வருஷத்தில் வேண்டும் என்றவர்களில் 60 பேர் மட்டும் மனம் மாறி வேண்டாம் என்றிருந்தால், தீர்ப்புத் தலைகீழாய்ப் போயிருக்கும். அதேபோல, 1971-ஆம் வருஷத்தில் வேண்டாம் என்றவர்களில் 41 பேர் மட்டும் மனம் மாறியிருந்தால், அன்றே வாக்குரிமை கிடைத்திருக்கும். நாற்பத்தொரு பேர்! நம் கல்யாண வீடுகளில் ஒரு பந்திக்கு உட்காரும் தொகைகூட இல்லை. அந்த நாற்பத்தொருவரின் பிடிவாதத்தால் ஒரு தேசத்துப் பெண்மக்கள் அனைவரும் பதின்மூன்று வருஷம் காத்திருந்தனர். அப்பதின்மூன்று வருஷத்துக்குள் மூப்பெய்தி, ஒருமுறையேனும் வாக்களியாமலே கண்மூடிய தாய்மார் எத்தனை பேர்! என் ஒரு வாக்கில் என்ன இருக்கிறது என்று நம்மில் எவரும் சொல்லும்போது, இக்கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நாற்பத்தொருவரில் ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பர்.

புதிய உரிமையோடு நடந்த முதற் பார்லிமெண்டுத் தேர்தல் 1986-ஆம் வருஷத் தொடக்கத்தில் வந்தது. வாக்காளர் தொகை இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. பெரிய மாறுதல்கள் நேரும் என்று சிலர் நம்பினர், சிலர் பயந்தனர். முடிவு யாதாயிற்று? முந்தின 1982-ஆம் வருஷத் தேர்தலில் சிவப்புக் கட்சிக்கு 8 ஸ்தானம், கறுப்புக் கட்சிக்கு 7. 1986-ஆம் வருஷத்திலும் அதே எட்டு, அதே ஏழு! பெண்கள் வாக்களித்தால் தேசம் கவிழ்ந்துவிடும் என்றவரின் பயம் ஒரே நாளில் பொய்த்தது. சுதந்திரப் பட்டியல் என்னும் புதிய கட்சியொன்றும் அத்தேர்தலில் நின்றது. ஆனால் நூற்றுக்கு எட்டு வாக்கேனும் பெறாத கட்சிக்குச் சபையில் இடமில்லை என்பது அந்நாட்டு விதி. அக்கட்சி அவ்வெல்லையை எட்டாமல் நின்றுவிட்டது. 1993-ஆம் வருஷத்தில்தான் அதற்குக் கதவு திறந்தது.

பதினைந்து ஸ்தானங்களில் பெண் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். ஒருவர். எம்மா ஐகன்மன் என்னும் அம்மையார். வாக்களிக்கும் உரிமை ஒருநாளில் கிடைத்துவிடுகிறது. வாக்கைப் பெறும் மதிப்போ மெல்ல மெல்லவே வருகிறது. 1992-ஆம் வருஷத்தில் ஆணும் பெண்ணும் சமவுரிமையுடையோர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினர். ஆயினும் 2017-ஆம் வருஷத் தேர்தலில் 25 பேரில் பெண்கள் மூவரே. 2021-ஆம் வருஷத்தில் அத்தொகை ஏழாயிற்று. அவ்வருஷத் தேர்தலில் வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. கறுப்புக்கும் சிவப்புக்கும் பத்துப் பத்து ஸ்தானங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 42 வாக்குகள். ஒருவர்க்கே பத்தோ பதினைந்தோ வாக்குகள் உண்டென்று முன்னரே கூறினோம் அல்லவா? ஆதலால் அந்த 42 வாக்கென்பது மூன்று நான்கு மனிதர் போட்ட முழுச் சீட்டுக்குச் சமானம். ஒரு வீட்டார் தேர்தலன்று உறவுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தால் முதலிடம் யாருக்கென்பதே மாறியிருக்கும்!

2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி நடந்த தேர்தலில் சிவப்புக் கட்சி 10 ஸ்தானமும், கறுப்புக் கட்சி 7 ஸ்தானமும், லிக்டன்ஸ்டைன் ஜனநாயகவாதிகள் என்னும் கட்சி 6 ஸ்தானமும், சுதந்திரப் பட்டியல் 2 ஸ்தானமும் பெற்றன. பாட்டன் நிறமே பேரன் நிறம் என்ற பழைய விதி தளர்ந்துவருவதை இவ்வெண்களே காட்டுகின்றன. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் சிவப்புக் கட்சியைச் சேர்ந்த பிரிகிட்டே ஹாஸ் அம்மையார் மந்திரிசபையின் தலைமைப் பதவியை ஏற்றார். அத்தேசத்தில் அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவரே. 1984-ஆம் வருஷத்திலிருந்து கணக்கிட்டால், வாக்குச் சாவடி வாசலிலிருந்து அந்நாற்காலிக்கு நடந்துசெல்லப் பெண்மக்களுக்கு நாற்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று.

கதை இத்துடன் முற்றுப்பெற்றது என்று கூறமாட்டோம். அரசுரிமை இன்னும் அக்குடும்பத்தின் ஆண் வழியிலேயே செல்கிறது. சட்டங்களை மறுக்கும் அதிகாரம் அரசருக்கு உண்டு. அதைக் குறைக்கக் கோரிய யோசனையை 2012-ஆம் வருஷத்தில் ஜனங்களே பெருவாரியான வாக்குகளால் தள்ளிவிட்டனர். தேசத்தில் வசிப்போரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அயல்நாட்டுப் பிரஜைகள். அவர்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்கில்லை. நம்மவர் யார், அயலார் யார் என்ற பழைய கேள்வி புதிய உருவில் இன்னும் அங்கே நடமாடுகிறது. ஒரு தேசத்தையும் குறையற்றதென்று புகழ வேண்டுவதில்லை. அதன் அநுபவத்தைக் கண்டு கற்றுக்கொள்வதே போதும்.

பெரியோர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் உணர்வது யாது? உறவு நெருங்கிய சமூகத்தில் ஒற்றுமை எளிது என்று பலரும் கூறுவர். உண்மையே. ஆனால் அந்நெருக்கத்துக்குள்ளேயே ஓர் அநீதி குடியிருந்தால், அதைக் கண்டுகொள்வதும் அரிது. அன்போடு செய்யப்படும் அநீதி அநீதியென்று தோன்றுவதில்லை. "அவர்களுக்கும் சேர்த்தே நாங்கள் வாக்களிக்கிறோமே" என்று அந்நாட்டுத் தகப்பனும் கணவனும் உள்ளன்போடுதான் சொன்னார்கள். ஒருவர்க்காக மற்றொருவர் பேசுவது குழந்தைப் பருவத்துக்குத் தகும். வயது வந்த மனிதர்க்குத் தகாது. தன் வாயால் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை எத்தனை அன்பும் ஈடுசெய்யாது.

மற்றொன்று. பெருந்தொகையினர் தீர்மானித்தது எதுவும் நியாயமாகிவிடும் என்பது தேர்தலைப் பற்றிய தவறான எண்ணம். 1971-ஆம் வருஷத்துப் பெருந்தொகையும் முறைப்படி எண்ணப்பட்டதே. 1984-ஆம் வருஷத்துப் பெருந்தொகையும் முறைப்படி எண்ணப்பட்டதே. இரண்டும் நியாயமாக இருக்க முடியாது. தேர்தலின் சிறப்பு, முதல் தீர்ப்பைத் திருத்த இரண்டாம் தீர்ப்புக்கு அது இடம் வைத்திருப்பதில் இருக்கிறது. தோற்றவர் கலகம் செய்யவில்லை. வென்றவரும் இனி எக்காலத்திலும் கேட்கக்கூடாதென்று வாயடைக்கவில்லை. மறுபடி கேட்டார்கள், மறுபடி தோற்றார்கள், ஊர் ஊராகச் சென்றார்கள், மறுபடி கேட்டு வென்றார்கள்.

இறுதியாக ஒரு வார்த்தை. அந்த 119 வாக்குகளை ஈட்டித் தந்தது எது? நியாயஸ்தலம் தரவில்லை, பிறநாட்டார் நிந்தை மட்டும் தந்திருக்க முடியாது. தகப்பனுக்குப் பதில் சொன்ன மகள்களும், கணவனோடு வாதாடிய மனைவியரும், தாயின் முகத்தைப் பார்த்து மனம் மாறிய மகன்களும் தந்தனர் என்றே நாம் எண்ணுகிறோம். வாக்குச் சீட்டை மறைவில் போடுகிறோம். ஆனால் அதில் விழும் குறியை முடிவுசெய்வது பெரும்பாலும் நம் வீட்டுப் பேச்சே. ஆகையால் இன்று வீடு திரும்பியதும், இங்கே கேட்டதை உங்கள் இல்லத்துப் பெண்மக்களோடும் பிள்ளைகளோடும் பேசுங்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கூறும் விடை உங்கள் விடைக்கு மாறாயிருப்பினும் முழுதும் கேளுங்கள். லிக்டன்ஸ்டைன் ஆடவர் கற்றுக்கொள்ளப் பதின்மூன்று வருஷமான பாடம் அதுதான்.